‘தெரியாது’ அங்கிள் காய்ச்சிய கறுப்பு பியர்

நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் இருந்த ஆண்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும், வீட்டுக்கடன் வட்டி எப்போது இறங்கும், எந்தப் பல் டாக்டர் கைராசிக்காரர், சாம்பார் பொடியை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று எதைக் கேட்டாலும் பதில் தயார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். திரும்பி வரும்போது அங்கே ஆறு பதில்கள் இருக்கும், இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் எதைக் கேட்டாலும், “எனக்குத் தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். சொல்லிவிட்டு வெட்கப்பட மாட்டார், தட்டில் இருக்கும் வடையைத் தொடர்ந்து சாப்பிடுவார். அவர் எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வரிசையில் இருந்த மற்ற ஆண்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘தெரியாது அங்கிள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

அவர்கள் யாரும் கவனிக்காதது, அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியைத்தான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் அவர் நிஜமாகவே பார்ப்பார், நிஜமாகவே வந்து சொல்வார். கேட்டவர் கேள்வியை மறந்து போயிருப்பார், இவர் மறக்க மாட்டார். ஒரு கோடையில் என் கணவர் செந்தில் பேச்சுவாக்கில், “மான் கருவேப்பிலை திங்குமா அங்கிள்?” என்று கேட்டுவைத்தார். எங்கள் பக்கம் மான்கள் தெருநாய் மாதிரி சுற்றும். பத்து நாள் கழித்து வாசல் மணி அடித்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அங்கிள் நின்றார்.

“திங்குது.”

“என்ன அங்கிள்?”

“கருவேப்பிலை. எங்க செடியை வெளிய வெச்சுப் பாத்தேன். மூணு நாள் மோந்து பாத்துட்டுப் போச்சு, நாலாம் நாள் மொட்டையடிச்சிருச்சு.”

நியூஜெர்சியில் ஒரு கருவேப்பிலைச் செடியை ஐந்து குளிர்காலம் காப்பாற்றி வளர்ப்பது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆன்ட்டி அவரோடு ஒரு வாரம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கம்பெனி ஒன்றின் லேபில் வேலை. மாத்திரைகளைப் பரிசோதித்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்லும் வேலை. பனியில் கோட்டு போட்டிருந்தாலும் உள்ளே சட்டைப் பையில் பேனா இருக்கும். இடது மணிக்கட்டில் ஒரு மாஸ்கிங் டேப் உருளையை வளையல் மாதிரி மாட்டியிருப்பார். எதைத் தொட்டாலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, அதில் என்ன, எப்போது, எவ்வளவு என்று எழுதுவார். அவர் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து ஸ்னோ தள்ளும் மண்வெட்டி வரைக்கும் டேப் ஒட்டியிருக்கும்.

ரிட்டையர் ஆனபோது கூட வேலை செய்தவர்கள் வேடிக்கைக்காக வீட்டில் பியர் காய்ச்சும் சாமான்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். குடிக்காத மனிதரைச் சீண்டிப் பார்க்கத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவரோ மூன்று மாதம் புத்தகம் படித்துவிட்டு, கராஜிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு, காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை பியர். காய்ச்சினதில் ஒரு மடக்கு குடிப்பார், நோட்டில் எழுதுவார், மீதியை எதிர் வரிசை அமெரிக்கர்களுக்குக் கொடுத்துவிடுவார். நம் ஆட்கள் வாங்க மாட்டார்கள். “பட்டை போட்டுக்கிட்டு சாராயம் காய்ச்சுறார்” என்று மட்டும் பேசுவார்கள்.

எனக்கு எட்டாவது மாதம் நடக்கும்போது ஆன்ட்டி ஒரு நாள் முருங்கைக்கீரைப் பொரியலோடு வந்தார். பின்னாலேயே, ஆன்ட்டி மறந்துவிட்டு வந்த பாத்திர மூடியோடு அங்கிள் வந்தார். இந்த இருவரையும் சேர்த்துப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. அவருக்கு எதுவும் தெரியாது, ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும். குறிப்பாக, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்ன கொடுக்க வேண்டும் என்பதில் ஆன்ட்டிக்குத் தெரியாதது கிடையாது. எங்கள் வட்டாரத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் மூன்றாம் நாள் ஆன்ட்டி பூண்டுக் குழம்போடு நிற்பார். ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் கொஞ்சம் வெளிநாட்டு வைத்தியமும் கலந்திருக்கும்.

“அம்மிணி, எங்ககூட வேலை செஞ்ச ஒரு ஐரிஷ்காரம்மா சொல்லுவாங்க. அவுங்க ஊர்ல புள்ளை பெத்தவங்களுக்குக் கறுப்பு பியர்தான் குடுப்பாங்களாமா. பால் பொங்கிட்டு வருமாமா. மில்க் ஸ்டவுட்டுன்னு பேராமா.” ஆன்ட்டி அங்கிள் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, நீங்கதான் வாரா வாரம் காய்ச்சறீங்களே, அம்மிணிக்கு அதுல ஒண்ணு காய்ச்சக்கூடாதுங்களா?”

நான் குரோம்பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் பியர் என்ற வார்த்தையை என் அப்பா உச்சரித்துக்கூட நான் கேட்டதில்லை.

“ஐயோ ஆன்ட்டி, பியரா? கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்.”

“உங்கம்மா வீடியோல பாத்தா கஷாயம்னு சொல்லிக்கலாம் விடு.”

“கஷாயம் இல்ல, பியர்” என்றார் அங்கிள். “பால் ஊறுமான்னு எனக்குத் தெரியாது கண்ணு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதான்னும் தெரியாது. பாத்துட்டுச் சொல்றேன்.”

இரண்டு வாரம் கழித்து நான்கு தாள்களோடு வந்தார். உணவு மேசையில் அவற்றை அடுக்கிவைத்துக்கொண்டு, லேபில் ரிப்போர்ட் கொடுப்பது போல் சொன்னார். பார்லியில் இருக்கும் ஏதோ ஒன்று பால் சுரக்கத் தூண்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆல்கஹால் அதற்கு நேர் எதிராக வேலை செய்து பாலைக் குறைக்கும் என்று சொல்கிறார்கள். ஊறும் என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

“ஆனா ஆல்கஹாலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொறைச்சு, குடிக்க ருசியா ஒண்ணு பண்ண முடியும். அது முடியும், அத மட்டும் சொல்றேன். குடிக்கலாமா வேண்டாமான்னு உன்ற டாக்டர்கிட்ட இந்தத் தாளைக் காட்டிக் கேளு. அவுங்க சரின்னாத்தான் அடுப்பையே பத்த வெப்பேன்.”

என் டாக்டர் நான்கு தாளையும் படித்தார், சிரித்தார். இவ்வளவு லேசான பியர் என்றால், குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்ததும் ஒரு சின்னக் கிளாஸ் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரமாவது விட்டு அடுத்த பால் கொடுக்கலாம், ஆனால் பால் ஊறும் என்று நம்பிக் குடிக்காதே, பிடித்தால் குடி என்றார். அவர் சொன்னதில் கடைசிப் பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை நானும் கராஜில் இருந்தேன். வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவுக்கு விசா நேர்காணலுக்குத் தேதியே கிடைக்கவில்லை. செந்தில் தினமும் ஜெர்சி சிட்டிக்குப் போய்த் திரும்பி, அலுப்பில் ஞாயிறு முழுக்கத் தூங்குவார். கராஜுக்கு நான் போனது பியருக்காக இல்லை, பேச்சுத்துணைக்காக என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கறுக்க வறுத்த பார்லி வெந்நீரில் ஊறும்போது காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. அங்கிள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். சூட்டைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்தால், பியரைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை அதிகமாக வரும், ஆல்கஹால் குறையும் என்று விளக்கினார். பிறகு ஒரு வெள்ளைப் பொடியை அளந்து கொட்டினார். பாலிலிருந்து எடுக்கிற சர்க்கரையாம், லாக்டோஸ். அந்த பியருக்குப் பால் பெயர் வந்ததே இதனால்தான்.

“இதையும் ஈஸ்ட்டுக்குத் திங்கத் தெரியாது கண்ணு” என்றார், தன் இனத்தான் ஒருவனைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு. “அதனால இனிப்பு அப்படியே நிக்கும், ஆல்கஹாலா மாறாது.”

பால் சொசைட்டியில் பாலுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதே போன்ற ஒரு கண்ணாடி மிதவையைக் கறுப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, எண்ணை எழுதினார். பொங்கி முடிந்ததும் இன்னொரு முறை மிதக்கவிட்டால், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆல்கஹால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தெரியாது, தெரியாது என்று சொல்லித் திரிந்த மனிதர், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கு எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பட்டப்பெயரை நான் சொல்லவில்லை.

பொங்கி அடங்கி, ஒன்றேகால் சதவீதம்தான் என்று அளந்து, முப்பது பாட்டிலில் அடைத்தாயிற்று. மூடி போடும் வேலையை ஆன்ட்டி செய்தார். ஆறாவது நாள் பகல் மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், அல்லது அந்த மாதத்தில் ஓட்டம் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்றைச் செய்தேன். கராஜ் சுவரெல்லாம் கறுப்புத் தண்ணீர். அங்கிள் ஸ்னோ கோட்டு, கையுறை, நீச்சல் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வெடிக்காத பாட்டில்களைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தார்.

“நுரைக்குன்னு பாட்டில்ல விடற சர்க்கரை சரியாத்தான் போட்டேன். ஏன்னு தெரியலையே” என்று நாலைந்து தடவை சொன்னார். நோட்டை எடுத்துவந்து புரட்டினார். கடைசியில் ஒரு பாட்டிலை வாளிக்குள் வைத்துத் திறந்து, நுரை அடங்கியதும் அடியில் பார்த்தார். கரைந்தும் கரையாமலும் பழுப்பாக ஒரு துண்டு கிடந்தது.

ஆன்ட்டி புடவைத் தலைப்பைத் திருகினார். “பனங்கற்கண்டுங்க. பாட்டிலுக்கு ஒரு துண்டுதான் போட்டேன். அம்மிணிக்குப் பால் ஊறட்டும்னு.”

பனங்கற்கண்டு ஈஸ்ட்டுக்கு நன்றாகத் தின்னத் தெரிந்த சர்க்கரை. தின்றிருக்கிறது, காற்றைக் கிளப்பியிருக்கிறது, ஆல்கஹாலையும் ஏற்றியிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பேர் வீட்டில் பியர் காய்ச்சுகிறார்கள், அதில் பனங்கற்கண்டு போட்டு வெடிக்கவைத்தது எங்கள் ஆன்ட்டி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அங்கிள் திட்டவில்லை. “எவ்வளவு போட்டே?” என்று மட்டும் கேட்டார். “அளக்கலைங்க” என்றார் ஆன்ட்டி. அவர் தலையாட்டிவிட்டு, நோட்டில் ‘பனங்கற்கண்டு, அளவு தெரியாது’ என்று எழுதினார். பிறகு மீதி இருபத்தேழு பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பேஸ்மென்ட் தொட்டியில் ஊற்றினார்.

“அங்கிள், எல்லாத்தையுமா? வெடிக்காததையாவது வெச்சுக்கலாமே. கொஞ்சம் அதிகமா இருந்தா என்ன இப்போ?” எனக்கு மனசே ஆறவில்லை.

“இதுல இப்ப எவ்வளவு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. தெரியாதத உனக்குக் குடுக்க மாட்டேன்.” ஊற்றி முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டே, “மறுபடி போடலாம்” என்றார். அடுத்த வாரம் எனக்கு மகள் பிறந்தாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று கராஜிலிருந்து மறுபடியும் காப்பிக்கொட்டை வாசனை வந்தது.

இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டாவது பியரை நான் குடித்தேன். பல நாள், மத்தியானப் பால் கொடுத்து முடித்த பிறகு, ஒரு சின்ன டம்ளர். சில்லென்று, லேசான கசப்போடு, கடைசியில் பால்பேடா மாதிரி ஒரு இனிப்பு. அதனால் பால் ஊறியதா என்று பின்னால் எத்தனையோ தோழிகள் கேட்டுவிட்டார்கள். எனக்குப் பாதிப் பால் வந்தது, மீதிப் பாதி டின் பால். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, என்னை இங்கிலீஷில் அதட்டுகிறாள். எது எதனால் நடந்தது என்று அங்கிளையே கேட்டேன். “ஒரே ஒரு அம்மா, ஒரே ஒரு புள்ளை. இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். மகள் பிறந்ததற்கு அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டு டெக்சஸ் போய்விட்டார்கள், மூத்த மகன் இருக்கும் சுகர் லேண்டுக்கு. இன்று வரை நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருப்பது பியருக்காக இல்லை. அந்த பியரைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்ற ஒரு மத்தியானத்துக்காக.

மகள் பிறந்த இரண்டாவது வாரம் குழந்தைகள் டாக்டர் எடை பார்த்தார். பிறந்தபோது இருந்த எடைக்கே இன்னும் திரும்பவில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் கொஞ்சம் ஃபார்முலா பால்பவுடர் கலந்து கொடு என்று ஒரு டின்னைக் கையில் கொடுத்தார். சரி என்று வாங்கிவந்து அலமாரியில் வைத்தேன். திறக்கவில்லை. ஏனென்றால் என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. “பாட்டிலை ஒருதரம் காட்டிட்டேன்னா அப்புறம் உன்னண்டை வரவே வராதுடி” என்று அம்மா வீடியோவில் சொன்னாள். என் மாமியார், அவர்கள் வம்சத்தில் யாருக்கும் பால் இல்லாமல் போனதில்லை என்றார். வாட்ஸப் குரூப்பில் முகம் தெரியாத ஒருத்தி, ஃபார்முலா கொடுப்பது தோல்வி என்று எழுதியிருந்தாள். நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் குழந்தைகள் டாக்டர் சிரிக்கவில்லை. எடை அப்படியே நின்றிருந்தது. இன்றைக்கே ஆரம்பித்தாக வேண்டும், தள்ளிப்போட இனி இடமில்லை என்றார். வீட்டுக்கு வந்து செந்திலுக்கு போன் செய்தேன். “டாக்டர் ஓகேன்னுட்டாங்க” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இன்றைக்கும் மறக்க முடியாதது அது ஒன்றுதான். ஏன் சொன்னேன்? அன்றைக்கு பியர் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அது வந்துவிட்டால் பால் வந்துவிடும், பால் வந்துவிட்டால் நான் சொன்னது பொய்யாகாது. படித்த பெண், ஐந்து வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தவள், ஒரு பாட்டில் பியரை நம்பிக் குழந்தையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். ஆன்ட்டி கையில் பூண்டு ரசம். அங்கிள் இரண்டு கையிலும் மும்மூன்று பாட்டில், ஒவ்வொன்றிலும் டேப், ‘இரண்டாவது முறை, ஒன்றேகால், பனங்கற்கண்டு இல்லை’. நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என் தோளில் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுகவே மாட்டீங்குதே?”

“சமத்து அங்கிள். தூங்கிட்டே இருப்பா.”

“இன்னைக்கு டாக்டர்கிட்ட போனியல்ல, என்ன சொன்னாங்க?”

அம்மாவிடம் மறைத்தேன், கணவரிடம் பொய் சொன்னேன். இந்த மனிதரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. தெரியாததைத் தெரியும் என்று ஒருநாளும் சொல்லாத ஒருவரிடம் பொய் சொல்வது கஷ்டம். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “அதான் இது வந்துடுச்சே அங்கிள், குடுங்க” என்றேன்.

“இதக் குடிச்சா பால் வருமான்னு எனக்குத் தெரியாது” என்றார். “புள்ளை பசியில இருக்குதுன்னு தெரியும்.”

அவர் வாயிலிருந்து ‘தெரியும்’ என்ற வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

“உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க பெத்தீங்களா? எங்கம்மாவுக்குத் தெரியாததா? பாட்டில் குடுத்தா இருக்கறதும் போயிடும், அப்புறம் நான் என்ன அம்மா?” என்று கத்தினேன். குழந்தை அந்தச் சத்தத்துக்கும் விழிக்கவில்லை. அப்போதுதான் பயந்து, அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

அவர் வாசல் பக்கத்தில் செருப்பு போடும் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டில்களைக் கீழே வைக்கவில்லை.

“ஜெர்சி சிட்டியில இருந்தோம் அப்ப. பெரியவன் பொறந்து பதினெட்டு நாள். இவளுக்குப் பால் பத்தலை. பாட்டில் குடுக்கலாமுங்களான்னு இவ கேட்டா. நான் லேப்ல சேந்து ஆறு மாசம், எல்லாந் தெரியும்னு நெனப்பு. வேண்டாம், பாட்டில் குடுத்தா இருக்கறதும் வத்திரும், பொறுத்துப் பாரு, வரும், எனக்குத் தெரியும்னேன். மூணு நாள் கேட்டா. மூணு நாளும் எனக்குத் தெரியும்னேன். நாலாம் நாள் புள்ளை கண்ணே தொறக்கலை.”

“ஏனுங்க, அதெல்லாம் எதுக்குங்க இப்ப” என்றார் ஆன்ட்டி. ரசப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

“ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். பொழைச்சுட்டான். ஏன் பாட்டில் குடுக்கலைன்னு டாக்டரு கேட்டாரு. நான் வாயத் தொறக்கலை. இவதான் தலையைக் குனிஞ்சுட்டு நின்னா. ஊர்ல இருந்து எங்கம்மா போன் பண்ணி, பாலில்லாதவளக் கட்டிட்டு வந்துட்டான்னு இவளைத்தான் பேசுனாங்க. அப்பவும் நான் வாயத் தொறக்கலை.”

ஆன்ட்டி மெதுவாக நடந்துவந்து பாத்திரத்தை மேசையில் வைத்தார். இத்தனை வருஷம் ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பூண்டும் கீரையும் பனங்கற்கண்டும் தூக்கிக்கொண்டு ஏன் ஓடினார் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

“அப்ப அது என்ற தப்பில்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. என்ற தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கோணும்.”

ஆன்ட்டி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பி, “டின்னு எங்க வெச்சிருக்கே அம்மிணி?” என்றார்.

காட்டினேன். தண்ணீர் கொதித்தது. அங்கிள் பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து டின்னில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்து, கரண்டியைத் தட்டி மட்டமாக்கி அளந்து போட்டார். ஆன்ட்டி பாட்டிலைக் குலுக்கி, குழாய்த் தண்ணீரில் ஆற்றி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் பாட்டிலை வாங்கவில்லை, ஆன்ட்டியை உட்காரவைத்து, குழந்தையை அவர் மடியில் வைத்தேன்.

காலைப் பிடித்து உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினார். முதலில் உதட்டில் வழிந்தது. பிறகு ஒரு மடக்கு. பிறகு என் மகள் கண்ணைத் திறந்து, இரண்டு கையாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட மறந்து குடித்தாள். தொண்டையில் கடக் கடக் என்று சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். தோற்றுவிட்டேன் என்று அழவில்லை. அவளுக்கு இவ்வளவு பசித்திருக்கிறதே என்று அழுதேன்.

ஆன்ட்டி பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இருப்பதையே மறந்து, குழந்தையோடு பேசிக்கொண்டே இருந்தார். “குடி கண்ணு, குடி சாமி, இன்னும் இருக்குது, மெதுவா” என்று, நடுநடுவே பெயரையும் சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது என் மகளின் பெயர் இல்லை, சுகர் லேண்டில் இருக்கும் அவருடைய மூத்த மகனின் பெயர். அங்கிளும் அதைக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் திருத்தவில்லை.